பூனையின் இரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோய்



கடையநல்லூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஒரு கடுவன் பூனை வளர்ந்து வருகிறது. சென்ற மாதம் அது பத்து நாள்களாக உணவைத் தொடாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்திருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றபோது, அவர் வாயை விரித்துப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் கிருமி பற்றியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். வீடு திரும்பியதும் மாமியார் ஒரே பிடிவாதம்: "பிள்ளைகள் தவழும் வீட்டில் இரத்தம் கெட்ட பிராணி இருக்கக் கூடாது. சாக்கில் கட்டிக் குற்றாலத்துப் பக்கம் விட்டு வரச் சொல்." சகோதரி என்னிடம் கேட்டிருப்பவை இரண்டு. அந்தப் பூனை நஜீஸ் ஆகிவிட்டதா? அதை வெளியேற்றுவது கூடுமா?

முதற் கேள்விக்கு விடை எளிது. அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் கப்ஷா ஒளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தபோது ஒரு பூனை வந்து அதில் வாய் வைத்தது. அவர்கள் அதை விரட்டவில்லை. அது குடிப்பதற்கு வாகாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்க்க, பூனை நஜீஸ் அன்று, அது உங்களைச் சுற்றி வருவனவற்றில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் பூனை வாய் வைத்த நீர் தூய்மையானதே. ஹனபி மத்ஹபில் மக்ரூஹ் என்பார்கள். ஆனால் அவர்களும் நஜீஸ் என்று சொல்லவில்லை. பூனைக்கு நோய் வந்துவிட்டதனால் இந்தச் சட்டம் மாறிவிடாது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொழுகைக்குரிய தூய்மை வேறு, மருத்துவர் சொல்லும் சுகாதாரம் வேறு. பூனை நஜீஸ் அன்று என்பதைக் கேட்டுவிட்டு, அதனால் எந்த நோயும் அணுகாது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பூனைக்கு நோய் என்று கேட்டதும் அது அசுத்தமாகிவிட்டதாக அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அந்த நோய் எதுவென்று தெரிந்தாக வேண்டும். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இந்த நோயைப் பற்றி விசாரித்து அறிய எனக்கு ஒரு காரணம் நேர்ந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மதரஸாவில் சாம்பல் நிறக் கடுவன் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதற்குச் சுல்தான் என்று பெயரிட்டிருந்தார்கள். இரவெல்லாம் தெருக்களைச் சுற்றிச் சண்டையிட்டுக் காது கிழிந்து, பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மதிலேறி வரும். ஒரு சாரல் மாதத்தில் அது சோர்ந்து படுத்தது. மூச்சு விரைந்து வாங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மழையில் நனைந்ததால் காய்ச்சல் என்று எல்லாரும் எண்ணினோம். ஓதும் பிள்ளைகளில் ஒருவன், தனக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து அன்போடு ஊட்டினான். நான் அருகில்தான் நின்றேன். தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. மாலைக்குள் பூனையின் முகம் வீங்கியது. ஈறும் நாக்கும் மண்ணின் நிறம் போல் பழுப்பேறின. மறுநாள் பஜ்ருக்கு முன்னரே அது இறந்துவிட்டது. அந்தப் பையன் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் விவரம் சொன்னேன். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; ஒரு மாத்திரையில் சிறு பங்கே அதைக் கொன்றுவிடும் என்றார். அந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களை உயிர்க்காற்றைச் சுமக்க இயலாதபடி ஆக்கிவிடுகிறது. நாக்கு பழுப்பேறியது அதனால்தான். "அதற்கு முன்னரே சோர்வும் இரைப்பும் இருந்தனவே! ஈறு எந்த நிறத்தில் இருந்தது, பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. வெளுத்திருந்தால், ஏற்கெனவே ஒரு கிருமி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருந்திருக்கலாம். எஞ்சியவற்றை மாத்திரை முடித்திருக்கும் என்றார். இரத்தத்தைச் சோதிக்காமல் புதைத்துவிட்டதால் அதற்குமேல் அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

அவர் ஐயுற்ற கிருமி எது? ஹீமோபிளாஸ்மா என்று அதன் கூட்டத்திற்குப் பெயர். பாக்டீரியா இனந்தான், ஆனால் மற்றப் பாக்டீரியாக்களுக்கு உள்ள செல்சுவர் இதற்கு இல்லை. இரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். உடலின் பாதுகாப்புப் படை அதை அழிக்க முற்படும்போது, அது ஒட்டியிருக்கும் சிவப்பணுவையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதனால் சோகை வருகிறது. 1942-இல் தென் ஆப்பிரிக்காவில் முதன்முதலாக ஒரு பூனையிடம் இதைக் கண்டார்கள். 1953-இல் அமெரிக்காவில் கண்டார்கள். வேறு ஏதோ குடும்பத்தைச் சேர்ந்த கிருமி என்று நெடுங்காலம் எண்ணியிருந்து, மரபணுவை ஆராய்ந்த பிறகு, 2001-ஐ ஒட்டித்தான் மைகோபிளாஸ்மா இனம் என்று பெயரை மாற்றினார்கள். இன்றுவரை இதை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்க்க முடியவில்லை. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்பெருக்கியில் பார்த்தாலும் பல வேளைகளில் தப்பிவிடும். பி.சி.ஆர். சோதனைதான் நம்பத்தக்கது.

இதில் மூன்று வகைகள் முக்கியமானவை. மைகோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் என்பது கொடியது. நல்ல வலுவான பூனையையும் சில நாள்களில் வெளுக்க வைத்துவிடும். ஹீமோமினூட்டம் என்பது மிகப் பரவலாகக் காணப்படுவது; ஆனால் தனித்து வந்தால் பெரும்பாலும் தீங்கு செய்யாது. மூன்றாவது டூரிசென்சிஸ், ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரப் பெயரிலிருந்து வந்தது. உலகின் பல நாடுகளில் பூனைகளைச் சோதித்தபோது, தீங்கு குறைந்த வகையே எங்கும் மிகுதியாகவும், கொடிய வகை நூற்றில் சிலவற்றில் மட்டுமாகவும் தென்பட்டிருக்கின்றன. இதெல்லாம் சீமைப் பூனைகளுக்கு வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். நம் மலைக்கு அப்பால் கேரளத்தில் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் தென்னிந்திய வீட்டுப் பூனைகளின் இரத்தத்தை ஆராய்ந்து ஹீமோபிளாஸ்மா கிருமிகளைக் கண்டிருக்கிறார்கள். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் சாரல் வரும், கிருமி வராதா?

எந்தப் பூனைக்கு இது அதிகம் வருகிறது என்று பார்த்தால் சுல்தானின் உருவம் அப்படியே எழுந்து நிற்கிறது. ஆண் பூனை, வயது ஏறியது, வெளியே திரிவது, சண்டையிட்டுக் கடிபடுவது. நாடு தோறும் ஆய்வுகள் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடியின் வழியே இரத்தம் இரத்தத்தோடு கலக்கிறது. பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் ஒரு வைரஸும் கடியினாலேயே பரவுகிறது. எய்ட்ஸ் கிருமிக்கு அது உறவு. ஆனால் மனிதரைத் தொற்றாது. அந்த வைரஸ் உள்ள பூனைகளிடம் ஹீமோபிளாஸ்மா மிகுதியாகக் காணப்படுகிறது. தெள்ளுப்பூச்சியின் மேலும் வலுவான ஐயம் உண்டு. இந்தக் கிருமியைப் பொறுத்தவரை அது இன்னும் ஐயமாகவே நிற்கிறது.

ஐயத்திற்கே இடமில்லாதபடி தெள்ளுப்பூச்சி பரப்பும் இன்னொரு கிருமி உண்டு. மாமியாரின் அச்சத்துக்கு உண்மையான அடிப்படை அதுதான். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாரிஸ் நகரத்து மருத்துவர் ராபர்ட் தெப்ரே 1950-இல் ஒரு நோயை விவரித்தார். பூனை பிறாண்டிய குழந்தைக்குச் சில நாள்களில் பிறாண்டிய இடத்தில் சிறு கொப்புளம் வரும். ஒன்றிரண்டு வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். இலேசான காய்ச்சல் இருக்கும். காரணக் கிருமி அகப்படவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993-இல் அதற்குப் பார்ட்டொனெல்லா ஹென்செலே என்ற பெயர் நிலைபெற்றது. (பெயரின் முற்பகுதி பெரு நாட்டு மருத்துவர் பார்ட்டனை நினைவூட்டுவது, பிற்பகுதி ஹென்செல் என்னும் ஆய்வகப் பெண்மணியை. வரலாறு படித்தவனுக்கு இப்படிப்பட்ட செய்திகளில் ஓர் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) வியப்பு என்னவென்றால், பூனையின் இரத்தத்தில் இந்தக் கிருமி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கு மேலும், குடியிருக்கும், பூனையோ சுகமாக விளையாடிக்கொண்டிருக்கும். 1995-இல் வெளிவந்த ஆய்வொன்றில் வடக்குக் கலிபோர்னியாவின் 205 பூனைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 40 விழுக்காட்டின் இரத்தத்தில் இக்கிருமி உயிரோடு இருந்தது. தெருப் பூனைகளிடமும், ஒரு வயது நிரம்பாத குட்டிகளிடமும், தெள்ளு ஏறியவற்றிடமும் அதிகம். ஹீமோபிளாஸ்மா கிழட்டுக் கடுவனைத் தேடுகிறது; இதுவோ குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டியைத் தேடுகிறது.

1996-இல் செய்த ஒரு பரிசோதனை எல்லாவற்றையும் தெளிவாக்கியது. கிருமியுள்ள பூனைகளிடமிருந்து தெள்ளுகளை எடுத்து நலமான குட்டிகளின் மேல் விட்டார்கள். குட்டிகளின் இரத்தத்தில் கிருமி வந்தது. தெள்ளு இல்லாத இடத்தில், கிருமியுள்ள பூனைகளோடு ஒன்றாக வாழ்ந்தவற்றுக்கு வரவில்லை. ஒரே தட்டில் உண்டதனாலோ, நக்கிக்கொண்டதனாலோ, அருகே படுத்ததனாலோ அல்ல. தெள்ளினால்தான் பூனைக்குப் பூனை தொற்றுகிறது. தெள்ளின் கழிவில் கிருமி இருக்கிறது. பூனை சொறியும்போது அது நகத்தில் ஏறுகிறது. அந்த நகம் குழந்தையின் கையைக் கீறும்போது உள்ளே போகிறது. தெள்ளு இல்லையேல் இச்சங்கிலி அறுந்துபோகும். மாமியார் அஞ்சியது நியாயமே. பகைவன் யாரென்பதில்தான் அவர் தவறிவிட்டார்.

நம் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு பருவமே இருக்கிறது. வெயிலின் வறட்சி தெள்ளின் முட்டையையும் புழுவையும் உலர்த்திக் கொன்றுவிடும். ஈரமும் மிதமான வெப்பமும் கூடினால் அவை பெருகும். ஆனி பிறந்து ஆடி முடியும் வரை தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வேறென்ன கிடைக்கிறது? ஊரார் நமக்குப் பொறாமைப்படும் அந்தக் குளிர்ந்த காற்றும் தூறலும் தெள்ளுக்கும் பிடித்தமானவைதாம். போதாக்குறைக்கு அம்மாதங்களில் பாயையும் மெத்தையையும் வெயிலில் போட வழியில்லை. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைக்கு மேல் இடும். அவை பூனையின் மேல் தங்குவதில்லை. உதிர்ந்து பாயின் மடிப்பிலும், தரைப் பிளவிலும், விறகு அடுக்கிலும் கிடந்து பொரிக்கின்றன. பூனையின் மேல் நாம் காண்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மற்றவை வீட்டில் இருக்கின்றன. ஆகவே பூனையைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டாலும் தெள்ளு வீட்டில்தான் இருக்கும். பசித்த தெள்ளு அப்போது பிள்ளைகளின் கணுக்காலைக் கடிக்கும்.

இருக்கிறதா இல்லையா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பேன் சீப்பினால் பூனையின் முதுகையும் வாலடியையும் வாருங்கள். கருமிளகுத் தூள் போன்ற துகள்கள் வந்தால் அவற்றை நனைந்த வெள்ளைத் தாளில் வையுங்கள். வெறும் மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் சுற்றிலும் செந்நிறம் பரவும்; அது செரித்த இரத்தம். தெள்ளு நீக்க மருந்துக் கடைகளில் பொடியும் சொட்டு மருந்தும் கிடைக்கின்றன. எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போட்டால் உடல் நடுங்கி வலிப்பு வந்து மாண்டுபோகும். பூனைக்குரியது என்று கேட்டு வாங்குங்கள். வீட்டைப் பெருக்கி, பூனை படுக்கும் துணியைக் கொதிநீரில் துவைக்க வேண்டும். ஒரு முறை செய்துவிட்டு ஓய்ந்தால் பயனில்லை; கூட்டுப்புழுக்கள் வாரக்கணக்கில் காத்திருந்து வெளிவரும்.

குழந்தையைப் பூனை கடித்தாலோ இரத்தம் வரப் பிறாண்டினாலோ, உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெறி கட்டுவதைவிடப் பன்மடங்கு பெரிய அபாயமான வெறிநோய் பூனையாலும் வரும். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். மஞ்சளையும் காப்பித் தூளையும் அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சில வாரம் கழித்து நெறி கட்டினால், வீட்டில் பூனை இருக்கிறது, பிறாண்டியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் கழுத்தில் நெறி என்றால் காசநோயைத்தான் முதலில் ஐயுறுவார்கள். அச்சோதனையைத் தவிர்க்கவும் கூடாது. ஆனால் நாம் பூனையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில மாதங்களில் தானே ஆறிவிடும். புற்றுநோய் மருந்து உட்கொள்வோர், உறுப்பு மாற்றிக்கொண்டோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர், இதய வால்வில் கோளாறு உள்ளோர் ஆகியோருக்கு மட்டும் இது கடுமையாகலாம். அத்தகையோர் உள்ள வீட்டில் குட்டிப் பூனையையும் தெருப் பூனையையும் புதிதாக ஏற்பதைத் தவிர்ப்பது அறிவு. (கருவுற்ற பெண்களுக்குப் பூனையால் வருவதாகச் சொல்லப்படும் நோய் வேறு கிருமியால் வருவது, அதை இன்னொரு மாதம் பார்ப்போம்.)

இனிச் சகோதரியின் கடுவனுக்கு வருவோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தது ஈற்றின் நிறத்தைத்தான். நலமான பூனையின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிர்ந்தோ மஞ்சளித்தோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உங்கள் பூனை நலமாக இருக்கும்போதே உதட்டை விலக்கி ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் அப்போதுதான் தெரியும். ஹீமோபிளாஸ்மாவுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்து நன்கு கேட்கும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே பூனை எழுந்து நடக்கும். அத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம். மாத்திரையை விழுங்கியதும் ஊசியில்லாச் சிரிஞ்சினால் சிறிது தண்ணீரைக் கட்டாயம் புகட்ட வேண்டும்; இல்லாவிடில் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். குணமான பின்னும் சில பூனைகளின் இரத்தத்தில் கிருமி ஒளிந்திருக்கும். பிறகொரு நாள் உடல் தளரும்போது மீண்டும் தலைகாட்டலாம். வெளுப்பு மிகுந்தால் உள்ளூரில் காலம் கடத்தாமல், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம்.

இன்னொன்று. நம் வீடுகளில் மிச்சமான சால்னாவையும் பிரியாணியையும் பூனைக்கு வைக்கிறோம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் கிருமி இல்லாமலே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை. சோகை பிடித்த பூனைக்கு அது நஞ்சு. வெறும் மீனையோ இறைச்சியையோ வேகவைத்துக் கொடுங்கள்.

கடுவனின் அலைச்சலையும் சண்டையையும் குறைக்க மருத்துவர்கள் காயடிக்கச் சொல்வார்கள். மார்க்கத்தில் அது கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை இரண்டு வரியில் தீர்க்க நான் துணியவில்லை. இரவில் மட்டுமேனும் வீட்டுக்குள் வைப்பதில் யாருக்கும் மறுப்பிராது. ஆனால் அடைப்பதானால் உணவும் நீரும் வைத்தே அடைக்க வேண்டும். பூனையை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், அது தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டே, சுல்தானின் வாயை ஒரு முறை திறந்து பார்க்காதவன் நான்.

அருவிக்கரையில் விடப்பட்ட வீட்டுப் பூனைக்கு என்ன நேரும்? அங்குள்ள தெருப் பூனைகளோடு முதல் இரவிலேயே சண்டை. சோகை பிடித்த உடம்பில் புதுக் காயம். சாரலின் ஈரத்தில் தெள்ளு. மருந்தும் பாதியில் நின்றிருக்கும். ஒரு வாரம் தாங்கினால் அதிகம். தாங்கினால், அது சுமக்கும் கிருமி அங்குள்ளவற்றுக்கும் போகும். நம் வீட்டுச் சுமையை இறக்கிவைத்ததாக நாம் எண்ணிக்கொண்டிருப்போம். கேள்விக்கு என் விடை: நோயுற்ற அதை அப்படி வெளியேற்றுவது கூடாது. மருந்து முடியட்டும், அது வரை தவழும் பிள்ளைகளை அதன் அருகே விடாமல், தெள்ளை ஒழியுங்கள்.

இதழ் அச்சுக்குப் போகும் வரை அந்தப் பூனை காத்திருக்க முடியாதாகையால், இவற்றையெல்லாம் அச்சகோதரிக்குத் தொலைபேசியிலேயே முன்னதாகச் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் நாள் அவர் மறுபடி அழைத்தார். மாத்திரை தொடர்கிறது, ஈற்றில் சிவப்பு திரும்பிவிட்டது, அரிசி மூட்டையை விட்டு வந்து திண்ணையில் படுக்கிறதாம். மாமியார் முதலில் நம்பவில்லை. ஒரு மாலை தாமே பேன் சீப்பை எடுத்துவந்து, பூனையை மடிக்கு அருகே அமர்த்தி, வாலடியை வாரியிருக்கிறார். உதிர்ந்த துகள்களைப் பேரனுடைய நோட்டிலிருந்து கிழித்த தாளை நனைத்து அதில் வைத்தாராம். தாள் சிவந்ததும், மருமகளை அழைத்து அண்டாவில் வெந்நீர் போடச் சொன்னாராம்.